மான் முத்திரை குத்திய வாரம்

குழந்தைகள் நலத் திட்டத்துக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், உங்கள் பயிற்சிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ‘துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்பு’ என்று ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது! கட்டம் கட்டமாகப் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி விட்டு, நடுவில் ஒரு வட்டத்துக்குள் குழந்தை சிரித்துக்கொண்டிருக்கிறது. சத்துவாச்சாரியிலிருந்து பஸ்ஸில் வரும்போது அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்புக்குறி எல்லாம் சரிதான். எங்கள் காலத்தில் அந்த அம்புக்குறி இருக்கிற இடத்தில் நான் ஓடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பேரணாம்பட்டுப் பக்கம் குழந்தைகள் நலத் திட்டத்துக்கு என்னை அலுவலராகப் போட்டார்கள். ஊசி சுகாதாரத் துறையுடையது. பள்ளிக்கூடம் கல்வித் துறையுடையது. வயதுச் சான்று வருவாய்த் துறையுடையது. என்னுடையது என்று இருந்தவை ஒரு மேஜை, வாரத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும் கிடைக்கிற ஒரு ஜீப், அதை ஓட்டுகிற தேவராஜ், அப்புறம் என் வாய். இவற்றை வைத்துக்கொண்டு மூன்று துறைகளையும் ஒரே குழந்தையின் பக்கம் திருப்ப வேண்டும்.

சான்று தருவதற்கு டெபுடி தாசில்தார், டாக்டரின் கையெழுத்தைக் கேட்பார். டாக்டர், பள்ளிக்கூடத்துக் கடிதம் எங்கே என்பார். ஹெட்மாஸ்டர், சான்று இல்லாமல் கடிதம் எப்படி அம்மா என்பார். மூன்று பேரும் நல்லவர்கள். மூன்று பேரும் ஒரே கடையில் டீ குடிப்பவர்கள். ஆனால் ஒருவர் குடித்துவிட்டுப் போன பிறகுதான் அடுத்தவர் வருவார். பீடி சுற்றுகிற ஒரு தாய் இந்த மூன்று பேரையும் தேடிப் பிடிக்க மூன்று நாள் கூலியை விட வேண்டும். அதனால் அவள் யாரையும் தேடுவதில்லை. பிள்ளை வீட்டிலேயே உட்கார்ந்து பீடி முனையை மடித்துக்கொண்டிருக்கும்.

அதற்குத்தான் ஒருநாள் முகாம் என்று ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் மூன்று மேஜை. முதல் மேஜையில் ஊசி, இரண்டாவதில் வயதுச் சான்று, மூன்றாவதில் பள்ளிச் சேர்க்கைப் படிவம். முதல் முகாமில் குழந்தைக்கு ஒரு அட்டை கொடுத்தோம். ஊசி போட்டால் அட்டையில் ஒரு குறி. நாங்கள் மறந்தது என்னவென்றால், குழந்தைகளுக்கு அட்டை கிடைத்தால் முதலில் செய்கிற காரியம் அதைப் பக்கத்துப் பிள்ளையோடு மாற்றிக்கொள்வதுதான். ஒரு பிள்ளைக்கு இரண்டு ஊசி விழுந்தது, இன்னொன்றுக்கு ஒன்றுமே விழவில்லை. இரண்டு ஊசி வாங்கியதற்குக் காய்ச்சல் வந்து, நல்லவேளையாக மூன்றாம் நாள் எழுந்து விளையாடியது. அந்த மூன்று நாளும் நான் சாப்பிட்ட சோறு எனக்கு ஞாபகமில்லை.

இரண்டாவது முகாமுக்கு, மாற்றிக்கொள்ள முடியாத ஓர் அடையாளம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஓட்டுப் போட்டால் விரலில் வைக்கிறார்களே, அந்த மையைக் கொடுங்கள் என்று டெபுடி தாசில்தாரிடம் கேட்டேன். மனிதர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“அம்மா, அது எலெக்‌ஷனுக்கு மட்டும். ஊசிக்கு வச்சீங்கன்னா, நாலு வயசுக் குழந்த ஓட்டுப் போட்டுடுச்சின்னு எவனாவது கேஸ் போடுவான். நான் கோர்ட்டுல போய் நிக்கணும்.”

ஜீப்புக்குத் திரும்பி வந்து புலம்பினேன். தேவராஜ் சிரித்தான். “இதுக்கா மேடம் பேஜார் ஆவுறீங்க? எங்க மாமா தோல் மண்டியில இருக்காரு. மெட்ராஸுக்கு அனுப்புற தோலுக்கெல்லாம் பின்பக்கம் முத்திரை குத்துவாங்க. அந்த மை தண்ணியில ஊறினாலும் போவாது. கேட்டு வாங்கியாரட்டுமா?”

வாங்கி வந்தான். ஒரு பாட்டில் கறுப்பு மையும் ஒரு மரக்கட்டை முத்திரையும். முத்திரையில் ரூபாய்க் காசளவுக்கு ஒரு மான், துள்ளி ஓடுகிற பாவனையில். பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. டாக்டர் சின்ன வயசுக்காரர், புதிதாக வந்தவர். மையை மோந்து பார்த்தார். கரியும் பிசினும்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். ஒரு சொட்டைத் தன் முழங்கையில் தடவி ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு, அரிப்பு இல்லை, தடிப்பு இல்லை, தாராளமாகக் குத்தலாம் என்றார். அது எப்போது போகும் என்று அவரும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. போகாத மைதானே வேண்டும் என்று அலைந்தேன்? அந்த ஊரில் பாதிப் பேர் தோலில் வேலை செய்கிறவர்கள், அந்த மானை அவர்கள் தினமும் எதன் மேல் பார்க்கிறார்கள் என்பதும் என் மண்டையில் ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை முகாம். அப்படி ஒரு முகாமை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஊசி போட்டதும் மணிக்கட்டில் மான். ஒரு பிள்ளைகூட அழவில்லை. அழ ஆரம்பித்த பிள்ளையும் பாதியில் நிறுத்திவிட்டு மானைப் பார்த்தது. ஒரு வாண்டுப் பெண் சட்டைக் கையை இழுத்துவிட்டு மானை மறைத்துக்கொண்டு திரும்பவும் வரிசையில் வந்து நின்றாள். “எனக்கு இன்னும் ஊசி போடல” என்று சாதித்தாள். இன்னொரு மானுக்காக இன்னொரு ஊசி வாங்கிக்கொள்ளத் தயார்! நர்ஸ் சிரித்துச் சிரித்து மருந்தைக் கீழே கொட்டினாள். ஹெட்மாஸ்டர், சிரித்தால் பல் கொட்டிவிடும் என்பது போல இருப்பவர், அவரே ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து “இது ஆண் மானா, பெண் மானா?” என்று கேட்டார்.

அந்த வரிசையில்தான் ஜரீனா இருந்தாள். எட்டு வயது. பீடி முனை மடிப்பதில் அவள் விரல் ஓடுகிற வேகத்துக்கு என் கண் ஓடாது. அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்லி அவள் அம்மா ஷம்ஷாத்திடம் ஆறு முறை போயிருக்கிறேன். ஆறாவது முறை ஷம்ஷாத், “எல்லாம் ஒரே நாள்ல, ஒரே எடத்துல முடியுதா? முடிஞ்சா வர்றேன்” என்றாள். சொன்னபடி வந்தாள். ஜரீனா ஊசி வாங்கி, மான் வாங்கி, வயதுச் சான்று வாங்கி, மூன்றாவது மேஜைக்கு ஓடிப்போய்த் தன் பெயரைத் தானே சொன்னாள். மிச்சம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமைக்குள் ஷம்ஷாத் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்க்கைப் பதிவேட்டில் கைநாட்டு வைக்க வேண்டும். அந்த வருஷச் சேர்க்கைக்கு அதுதான் கடைசி நாள். தவறினால் ஒரு வருஷம் போகும். ஒன்பது வயதில் வீட்டுக்கு நாலு காசு கொண்டுவரப் பழகிய விரலை அப்புறம் யார் சிலேட்டுக்கு விடுவார்கள்?

நான் அன்று ஜீப்பில் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேன். தேவராஜ் சாட்சி.

புதன்கிழமை காலையில் முதலில் வந்தது மண்டி முதலாளியின் போன். “மேடம், என் மார்க் போட்ட சரக்கு ஊர் பூரா கோலி ஆடினு இருக்குதுன்னு கடைத்தெருவுல சிரிக்கிறாங்க. இது இன்னா கூத்து?” நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் வாசலில் இருபது பெண்கள். முன்னால் ஷம்ஷாத், கையில் ஜரீனாவின் மணிக்கட்டு. தேய்த்துத் தேய்த்து அந்த இடம் சிவந்துபோயிருந்தது. மான் மட்டும் அப்படியே துள்ளிக்கொண்டிருந்தது.

“இன்னாம்மா இது? தோலுக்குக் குத்துறத எங்க புள்ளைங்களுக்குக் குத்தியிருக்கீங்க? எங்க வூட்டுக்காரரு வேற தோல் ஷாப்புல வேல செய்றாரு. கூட வேல செய்றவங்க கேக்குறாங்களாம், உம் பொண்ண அந்த மண்டிக்கு எவ்ளோக்கு வித்தன்னு. ஸ்கூலும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்னு சொல்லிட்டாரு.”

பின்னாலிருந்து இன்னொருத்தி, “அடுத்த ஊசிக்கும் வர மாட்டோம்” என்றாள். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள்.

நான் ஆபீஸ் குரலை எடுத்தேன். உங்களிடமும் அது இருக்கும், எனக்குத் தெரியும். இது வெறும் அடையாளம்தான், கவலைப்பட வேண்டாம், கொஞ்ச நாளில் போய்விடும் என்றேன்.

“எத்தினி நாள்ல?”

எனக்குத் தெரியாது.

“உனக்குப் புள்ள இருக்கா?” ஷம்ஷாத் ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு வந்துவிட்டாள்.

“இருக்கா. அஞ்சு வயசு.”

“அவ கையில இத குத்துவியா?”

வாயில் பதில் தயாராக இருந்தது. ‘ஏன், தாராளமாகக் குத்துவேனே!’ அதைச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள். ஆனால் என் மகள் ஞாயிற்றுக்கிழமை கஞ்சி போட்ட கவுன் மாட்டிக்கொண்டு சர்ச்சுக்கு வருகிற கை என் கண் முன்னால் வந்தது. அந்தக் கையில் ஒரு மண்டியின் முத்திரை. வெட்கமாக இருந்தது. அதை வேறு வார்த்தையில் சொல்லி மழுப்ப விரும்பவில்லை. நான் ஊரார் பிள்ளைகளின் கையைக் கேட்காமல் எடுத்திருக்கிறேன்.

“மாட்டேன்,” என்றேன்.

போச்சு, திட்டமும் போச்சு, வேலையும் போச்சு என்று நினைத்தேன். ஷம்ஷாத் என்னையே பார்த்தாள். பிறகு, நம்பினால் நம்புங்கள், சிரித்தாள்.

“இப்பதான் வாயில நெசம் வருது. சரி, ஒண்ணு செய். அந்த டாக்டரு, தாசில்தாரு, ஹெட்மாஸ்டரு, நீ. நாலு பேரும் எங்க தெருவுக்கு வாங்க. நாலு பேரு கையிலயும் மான் இருக்கணும். ஆபீசருங்களே குத்திக்கினாங்கன்னா எங்க வூட்டுக்காரர எவனும் கேக்க மாட்டான். அப்பறம் ஸ்கூல பத்திப் பேசலாம்.”

“எப்போ?”

“வெள்ளிக்கெழம. தொழுகைக்கு முன்னாடி வந்துடுங்க.”

இதில் இருக்கிற வேடிக்கையைக் கவனியுங்கள். இந்த மூன்று பேரையும் ஒரே அறையில் ஒரு கூட்டத்துக்கு உட்கார வைக்க எனக்கு ஒன்றரை வருஷம் முடியவில்லை. இப்போது ஒன்றரை நாளில் அழைத்துப்போய் மான் குத்த வேண்டும். ஜீப்பும் கிடையாது. வியாழக்கிழமை முழுக்க நடந்தேன்.

டாக்டர் கேட்டவுடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, “கன்னத்துல குத்திக்கலாமா?” என்றார். ஹெட்மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். “கையில மானோட நின்னா, இந்த வீட்டுல என்ன வியாதின்னு எழுந்து போய்டுவாங்கம்மா.” ஜரீனாவின் படிவத்தை அவர் மேஜையிலிருந்தே எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ‘தந்தை பெயர், தாய் பெயர்’ எல்லாம் அவர் கையெழுத்து. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இடது கைதானே?” என்றார்.

டெபுடி தாசில்தார்தான் கஷ்டம். எந்த விதியின் கீழ் என்று கேட்டார். எந்த விதியும் இல்லை என்றேன். அப்படியானால் முடியாது என்றார். குத்திக்கொள்ளக் கூடாது என்று விதி இருக்கிறதா என்றேன். யோசித்தார். உண்மையாகவே அலமாரியைத் திறந்து ஒரு புத்தகத்தைப் புரட்டினார்! இல்லை. “சனிக்கிழமை வேலூர்ல கலெக்டர் மீட்டிங் இருக்கே,” என்று முனகினார். “வாட்ச்சுக்கு அடியில குத்திக்கலாம் சார்” என்றேன். அதில் மனிதர் விழுந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு டெபுடியின் ஜீப்பில் நாலு பேரும் அந்தத் தெருவில் போய் இறங்கினோம். மையையும் முத்திரையையும் தூக்கிக்கொண்டு தேவராஜ் சைக்கிளில் வந்தான். திருவிழாக் கூட்டம். பீடி முறங்களை ஓரமாக வைத்துவிட்டுப் பெண்கள் எல்லாம் வாசலில். நான் முத்திரையை எடுத்தேன். ஷம்ஷாத் கையை நீட்டி அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நீங்க குத்துனீங்க. இப்ப நாங்க குத்துறோம்.”

முதலில் நான். அழுத்திக் குத்தினாள், இரண்டு நாள் கோபமும் அதில் இருந்தது. அடுத்து டாக்டர் நிஜமாகவே கன்னத்தைக் காட்டினார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்துத் தெருவும் வந்து சேர்ந்தது. ஹெட்மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். ஊசிக்குக்கூட அப்படி எந்தப் பிள்ளையும் நீட்டவில்லை. “ஆண் மானு சார்” என்று ஒரு குட்டி அவருக்குச் செய்தி சொன்னது. டெபுடி வாட்ச்சைக் கொஞ்சம் மேலே தள்ளிக்கொண்டு நின்றார்.

“வாட்ச்ச கழட்டு சார்,” என்றாள் ஷம்ஷாத்.

கழற்றினார். குத்தினாள். அவர் அந்த மானை ஒரு கணம் பார்த்துவிட்டு, நான் அவரிடம் கேட்டே இராத ஒரு சிரிப்புச் சிரித்தார். அதுவரை பின்னால் நின்றுகொண்டிருந்த ஒரு ஆள் முன்னால் வந்து டெபுடியிடம், “சார், உங்கள எவ்ளோக்கு வித்தாங்க?” என்றார். தெருவே அதிர்ந்தது. அவர்தான் ஷம்ஷாத்தின் வீட்டுக்காரர் என்று அப்புறம்தான் தெரிந்தது.

சனிக்கிழமை கூட்டத்தில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன். டாக்டரும் நானும்கூடப் போயிருந்தோம். டெபுடி கையை மேஜைக்கு அடியிலேயே வைத்திருந்தார். கலெக்டர் ஒரு கோப்பைக் கேட்டார். நீட்டிய கையோடு மானும் வெளியே வந்தது. கலெக்டர் அதைப் பார்த்தார், டாக்டரின் கன்னத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். “உங்க வட்டாரத்துல என்ன, ஏதாவது பரவுதா?” என்றார். “ஒருங்கிணைப்பு சார்” என்றார் டாக்டர். ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை தோல் கம்பெனியில் வேலை செய்கிறவராம். முத்திரையைப் பார்த்துவிட்டு, நல்ல சரக்கு என்று சொல்லிக் கல்யாணத்துக்குச் சம்மதித்தாராம். அடுத்த ஊசிக்குப் பிள்ளைகள் எல்லாம் வந்தார்கள். அந்தத் தடவை நான் குடியாத்தம் தறிக்காரர்களிடம் கலர் நூல் வாங்கி மணிக்கட்டில் கட்டினேன். வீட்டுக்குப் போனதும் அம்மாவே அறுத்துப் போட்டுவிடலாம். நீங்கள் புதிதாக எது செய்வதானாலும், அதை அவர்கள் கையாலேயே கழற்றிப் போட முடியுமா என்று முதலில் பாருங்கள். முடிந்தால் உங்கள் கையில் ஒரு நாள் போட்டுக்கொண்டு பாருங்கள். நான் சொல்கிற புத்திமதி இவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். தெருவிலிருந்து ஊர்வலமாகவே பள்ளிக்கூடத்துக்குப் போனோம். ஹெட்மாஸ்டர் சேர்க்கைப் பதிவேட்டைப் பிரித்து ஜரீனாவின் பெயரை எழுதினார். அங்க அடையாளம் இரண்டு வேண்டும். கழுத்தில் ஒரு மச்சம் கிடைத்தது. இரண்டாவது கிடைக்கவில்லை. “மான் இருக்கே சார்!” என்று ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் கத்தின. “அது நம்ம நாலு பேருக்கும் இருக்கு, குழப்பம் வந்துடும்” என்றார் டெபுடி, முழு அக்கறையோடு. கடைசியில் முழங்காலில் ஒரு தழும்பைக் கண்டுபிடித்தோம்.

இனி கைநாட்டு. ஹெட்மாஸ்டர் ஊதா ஸ்டாம்ப் பேடைத் திறந்து ஷம்ஷாத் பக்கம் தள்ளினார். அவள் கட்டை விரலைக் கொண்டுபோனவள், நிறுத்தினாள்.

“சார், இது போவுமா?”

அந்த வாரம் பூராவும் நாங்கள் இந்தக் கேள்வியால் அடிபட்டவர்கள். ஹெட்மாஸ்டர் சந்தோஷமாகச் சொன்னார். “போய்டும்மா. சோப்பு போட்டா ஒரே கழுவுல போய்டும்.”

ஷம்ஷாத் கையை இழுத்துக்கொண்டாள்.

“அப்ப இது வேணாம். அத கொண்டாங்க,” என்று தேவராஜ் கையிலிருந்த பாட்டிலைக் காட்டினாள். “வூட்டுக்காரரு இன்னிக்கி சிரிச்சாரு, நாளைக்கி வேற பேசுவாரு. பீடி காண்ட்ராக்டரு வந்து பொண்ணு எங்கன்னு கேப்பான். பீடி சுத்த ஒரு கை கம்மின்னு எனக்கே மனசு மாறும். எவன் வந்து இன்னா தேச்சாலும் இது போவக் கூடாது.”

ஹெட்மாஸ்டர் டெபுடியைப் பார்த்தார். டெபுடி, எந்த விதி என்று கேட்காமல், பாட்டிலின் மூடியைத் தானே திறந்தார். ஷம்ஷாத் கட்டை விரலை மையில் தோய்த்து, மகள் பெயருக்கு நேரே வைத்து, ஐந்தாறு மூச்சு விடுகிற நேரம் விரலை எடுக்காமல் அழுத்தினாள். அவள் எடுத்ததும் ஹெட்மாஸ்டர் மெதுவாகப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். மை மறுபக்கத்திலும் இறங்கியிருந்தது.